வியாழக்கிழமையின் குட்டைப் பட்டை

காலை ஆறு பத்துக்கு நான் கைபேசியில் வானிலையைப் பார்ப்பேன். அதற்கு முன் பார்த்தால் பெரும்பாலும் முதல் நாள் இரவுக் கணிப்பே மாறாமல் நிற்கும். அதற்குப் பின் பார்த்தால் ஆறரை மணிக் கம்பெனி பஸ் போய்விடும். பல நாள் சரிபார்த்துத் தேர்ந்தெடுத்த நேரம் அது.

காரணம் என் கணவர். புனே பக்கத்துக் கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில், அவருக்குத் தகரக் கூரை போட்ட பவுடர் கோட்டிங் ஷெட் இருக்கிறது. ஜன்னல் கிரில், பெஞ்சுக் கால், இரும்புச் சட்டம் என்று வருவதன் மேல் வண்ணப் பொடியைத் தூவி, ஓவனுக்குள் தள்ளி, இருநூறு டிகிரியில் சுட்டு எடுப்பார்கள். ஓவன் என்றால் சமையலறையில் வைப்பது அல்ல. இரண்டு பேர் உள்ளே நின்று பேசலாம், அவ்வளவு பெரியது. போன வருஷம் மே மாதம் அதன் கதவைத் திறந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகங்கள் அடிபட்டு, மெல்லத் தேறின. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை அன்றைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்: "இந்த முறை திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை இப்படி ஆனால், வருமென்று என்னால் சொல்ல முடியாது."

ஷெட்டை விட்டுவிடச் சொன்னேன். "வெயிலுக்கு பயந்து ஷெட்டை மூடு, மழைக்கு பயந்து வீட்டை மூடு. அப்புறம் ஸ்டேஷன்ல போய் உக்காந்துக்கலாம் ரெண்டு பேரும்" என்றார். நிறம் கருகாமல் எப்போது வெளியே எடுப்பது என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்பது அவர் வாதம். அது பொய்யில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் அவர் ஓவன் போடுவார். எந்த மூன்று நாள் என்பதை நான் சொல்வேன். மற்ற நாள்களில் அவரோடு ஆரம்பத்திலிருந்து இருக்கும் மராத்திக்காரர், ஐம்பத்திரண்டு வயது மிஸ்திரி, துரு தேய்க்கிற வேலையை மட்டும் பார்த்துக்கொள்வார்.

அந்த மூன்று நாளைத் தேர்ந்தெடுக்கத்தான் ஆறு பத்து.

செயலியில் பத்து நாளுக்குப் பத்து வரிசை இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் ஓர் எண், நடுவே மங்கலான ஒரு தண்டவாளம், அதன் மேல் நிறப் பட்டை ஒன்று. பட்டை சில நாள் இடது ஓரத்தில் பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, வலது ஓரத்தில் ஆரஞ்சில் முடியும். சில நாள் குட்டையாக நடுவில் கிடக்கும். இடது எண் அன்றைய குறைந்தபட்ச வெப்பம், வலது எண் அதிகபட்சம் என்பது எனக்குத் தெரியும். அது யாருக்கும் தெரியும். பட்டையை எப்படிப் படிப்பது என்பதில்தான் நான் என் தொழிலைக் கொண்டுபோய் நுழைத்தேன்.

நான் சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளர். இருபத்துமூன்று வருஷமாக அளப்பதுதான் வேலை. மணிக்கு ஒரு முறை மிஷினிலிருந்து ஐந்து துண்டுகள் எடுப்போம். ஐந்தில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் குறிப்போம். வித்தியாசம் சின்னதாக இருந்தால் மிஷின் நிதானமாக ஓடுகிறது. பெரிதானால் மிஷின் அலைகிறது. நிறுத்து, ஆளைக் கூப்பிடு. பல வருஷம் அந்தத் தாளையே பார்த்த கண்ணுக்கு நீளம் என்றால் ஆபத்து. செயலியின் பட்டைகளைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியதும் அதுதான். நீளமான பட்டை கெட்ட நாள், குட்டையான பட்டை நல்ல நாள்.

கண்ணால் மதிப்பிடுவது எனக்குப் பிடிக்காது. ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலைத் திரையின் மேல் வைத்து அளந்தேன். டைரியில் தேதிக்குக் கீழே இரண்டு எண்களையும், பட்டையின் நீளத்தை மில்லிமீட்டரிலும் எழுதினேன். இருபது மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் போகலாம், மேலே இருந்தால் கூடாது.

என் கணவர் பல் தேய்த்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"மேடம், இன்னிக்கு நான் பாஸா, ரிஜெக்டா?"

"ரிஜெக்ட். இருபத்தாறு."

"ரீ-ஒர்க் எதுனா பண்ணி அனுப்ப முடியுமான்னு பாரும்மா. ஒரு ஆறு மில்லிமீட்டர்தானே, ராவி விட்டுடு."

ஏப்ரல் முழுக்க என் கணக்கு சரியாகவே வந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று. ஏப்ரலில் புனேயில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். விடியற்காலை பத்தொன்பது, மதியம் முப்பத்தொன்பது. பட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீண்டு கிடக்கும். நடுவே மேகம் போட்ட நாள்களில் இருபத்துமூன்றிலிருந்து முப்பத்தைந்து. பட்டை குட்டை, மதியமும் கொஞ்சம் தணிவு. குட்டை நாள்களில் அவரை அனுப்பினேன். மாலையில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். பாஸ் போட்ட நாள்களின் பக்கத்தில் டைரியில் சின்ன டிக் போட்டேன்.

ஆனாலும் அவர் போகும் நாள்களில் பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் போன் செய்வேன். இரண்டாவது மணியில் எடுக்காவிட்டால் உடனே மறுபடி அழைப்பேன். "இருக்கேன், உயிரோடதான் இருக்கேன், வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார்.

மே மாதம் மூன்றாம் வாரம், புதன்கிழமை சாயங்காலம். ஒரு பள்ளிக்கூடத்தின் பெஞ்சுச் சட்டங்கள் ஷெட்டில் அடுக்கியிருந்தன. ஒரு முழு நாள் ஓவன் ஓட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கைபேசியை வைத்து இருவரும் குனிந்து பார்த்தோம். முந்தின நாள் செவ்வாய்க்கு என் டைரியில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் இருந்தது. இருபத்திரண்டு டிகிரியிலிருந்து முப்பத்தொன்பது. வியாழனுக்குப் பட்டை பதினேழு மில்லிமீட்டர்தான். இடது எண் இருபத்தேழு, வலது எண் முப்பத்தேழு. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. முழுக்க ஆரஞ்சு.

பச்சை இல்லாததை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. விரல் அதன் மேல் நின்றது. அப்போது அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"இத பாரேன். ஒரே ஷேட். முனைக்கு முனை எங்கயும் மாறல. இப்படி ஒரு பீஸ் ஓவன்லேர்ந்து வந்தா நான் மாலை போட்டு வாங்கிக்குவேன்."

அவர் தொழிலில் நிறம் மாறாமல் ஒரே சீராக இருப்பதுதான் நல்ல வேலை. என் தொழிலில் வித்தியாசம் குறைவதுதான் நல்ல வேலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சரி என்று தலையாட்டினோம். வியாழன் என்று எழுதி வட்டமிட்டேன்.

எங்கள் அளவு அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்கும். இரும்பு சூட்டில் நீளும் என்பதால் அளவெடுக்கும் அறைக்கு அந்த விதி. உள்ளே உட்கார்ந்தால் வெளியே என்ன காலம் என்றே தெரியாது. வியாழன் காலை பத்து மணிக்கு டீக்கு வெளியே வந்தேன். காற்று நகரவில்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டது போல இருந்தது. டீ கிளாஸைப் பிடித்த கை இரண்டே நிமிஷத்தில் பிசுபிசுத்தது. மேகம் வெள்ளையாக, தாழ்வாக, மூடி போட்டது போல இருந்தது. கைபேசியை எடுத்து வியாழனைத் தொட்டேன். மணிவாரியாக விரிந்தது. மதியம் ஒரு மணிக்கு முப்பத்தாறு. அதற்குக் கீழே, இத்தனை நாள் நான் படிக்காமல் விட்ட சின்ன எழுத்தில், உடம்புக்குத் தெரியும் சூடு நாற்பத்திரண்டு என்று இருந்தது.

உடனே அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. மிஸ்திரியின் எண்ணை அழைத்தேன்.

"வஹினி, லவ்கர் யா" என்றார். அண்ணி, சீக்கிரம் வாங்க. அவ்வளவுதான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை, டைரியிலும் இல்லை. வாசலில் ரிக்ஷா கிடைத்தது. பிம்ப்ரி சிக்னலில் நின்றோம். நெடுஞ்சாலை நடுவே மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டே போனேன். எண் வரிசையாக மாறும்வரை எதுவும் ஆகியிருக்காது என்று யாரோ எனக்கு வாக்குக் கொடுத்தது போல. ஓரிடத்தில் ஒரு தூணில் விளம்பரம் ஒட்டி எண்ணை மறைத்திருந்தார்கள். அந்தத் தூணைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அவர் ஷெட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. தலையில் நனைந்த துண்டு. மிஸ்திரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்பில் கொட்டிய தண்ணீர் இருந்ததே தவிர, வேர்வை இல்லை. நெற்றியைத் தொட்டேன். அடுப்புப் பக்கம் வைத்த பாத்திரம் போலச் சுட்டது.

"லீவு போட்டியா?" என்றார். நாக்கு இழுத்தது. "எதுக்கு... போட்டே."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கெண்டைக்கால் பிடித்து இழுக்க, பல்லைக் கடித்தார். வந்த ரிக்ஷாவிலேயே ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் சலைன் ஏறியது. ஒரு மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.4. ஒன்று, ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டிய எண். போன வருஷம் எவ்வளவு வரை ஏறியது என்று டாக்டர் கேட்டார். டைரியைப் பார்க்காமலே சொன்னேன். "அதைவிடக் குறைவுதான். ஆனால் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் எதுவும் பேச முடியும்" என்றார். நாளை காலை வரை காத்திருக்க வேண்டும்.

கல்லூரியிலிருந்து மகள் நேராக வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்கு வீட்டு வாசலோடு முடிந்துவிடும். நான் கைபேசியில் வியாழன் பட்டையை மறுபடி அளந்துகொண்டிருந்தேன். ஸ்கேலைப் பையிலேயே வைத்திருப்பேன்.

"அம்மா, நீ என்ன பண்றே?"

"பதினேழுதான் இருக்கு. குட்டையான நாள்தான். நான் சரியாத்தான் அளந்தேன்."

அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ லம்பாயி, அதான் நீளம், பாக்கறே. லம்பாயி ஒண்ணும் இல்ல. நைட்டுக்கும் பகலுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அது சொல்லுது, அவ்ளோதான். எங்க நிக்குதுன்னு பாரு. இது ஃபுல்லா ரைட் சைட்ல நிக்குது. ராத்திரிகூட கூல் ஆகவே இல்ல."

"அப்போ என் மில்லிமீட்டர்?"

"அது வேற. இந்தப் பின்னாடி லைன் இருக்கில்ல, அது ஃபிக்ஸ் இல்லம்மா. அடுத்த பத்து நாள்ல எது ரொம்பக் கம்மி, எது ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு ஏத்த மாதிரி தினமும் இழுத்துக்கும். நேத்து இருபது எம்எம்-ன்னா இன்னிக்கு அதே டிகிரி பதினெட்டு எம்எம் வரும். நீ நெஜமா ஸ்கேல் வெச்சு அளந்தியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தினமும் நீண்டு சுருங்குகிற ஒரு ஸ்கேலால் ஒன்றரை மாதம் அளந்திருக்கிறேன். கம்பெனியில் புதிதாய்ச் சேர்ந்தவர் இதைச் செய்திருந்தால் அவரை நான் அளவு அறைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன். இங்கே அளக்கப்பட்டது இரும்புத் துண்டில்லை.

சாயங்காலம் மிஸ்திரி என் கணவரின் செருப்பையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். பாதி ஹிந்தியிலும் பாதி மராத்தியிலும் ஆறுதலாகத்தான் சொன்னார்: "வஹினி, செவ்வாய்க்கிழமை இதைவிட வெயில். அன்றைக்கு சாஹேப் கல்லு மாதிரி இருந்தார். இன்றைக்கு என்ன ஆச்சோ."

"செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு அவர் வரலையே."

மிஸ்திரி செருப்பைத் தரையில் வைத்தார். ஒன்றை ஒன்றுக்கு நேராக வெகுநேரம் சரிப்படுத்தினார். பிறகுதான் சொன்னார். நான் வேண்டாமென்று சொன்ன நாள்களிலும் சாஹேப் வருவாராம். என் பஸ் போனதும் கிளம்பி, ஏழுக்கு ஓவனைப் போட்டு, பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, நான் வீடு திரும்புவதற்குள் குளித்து உட்கார்ந்திருப்பாராம். வஹினிக்குச் சொல்லாதே என்பது உத்தரவு.

அன்று டைரி எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சலைன் பாட்டிலில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தப்பாகப் படித்தேன். அவர் நான் படித்ததையும் கேட்கவில்லை. எதற்கு அழுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் அழாமல் இருந்தேன்.

மறுநாள் காலை பரிசோதனை 2.0. இறங்கியிருந்தது, ஆனால் டாக்டர் "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் போனதும் நான் என் கணவரிடம் பேசினேன்.

"நான் தப்பாப் படிச்சேன். வியாழக்கிழமை போகவே கூடாத நாள். நான்தான் அனுப்பினேன்."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"இருபத்துமூணு வருஷத்துல உன் ஸ்டாம்பு தப்பான மொதப் பீஸ் நான்தானா? பெருமையா இருக்கு போ."

"செவ்வாய்க்கிழமை எங்க இருந்தீங்க?"

மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லிட்டானா."

"எத்தனை நாள்?"

"விடும்மா..."

"திட்டறதுக்குக் கேக்கலைங்க. எனக்கு அந்த நாள் எல்லாம் வேணும். ஒண்ணு விடாம வேணும்."

நான் டைரியை மடியில் விரித்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. அவருக்குத் தேதி நினைவிருக்காது, வேலை நினைவிருக்கும். பச்சை கிரில் ஓட்டின நாள். சைக்கிள் ஸ்டாண்டு ஓட்டின நாள். கருப்பு மேட் பொடி தீர்ந்துபோய் அரை நாளில் நிறுத்தின நாள். மிஸ்திரிக்குப் போன் போட்டு ஒவ்வொன்றுக்கும் தேதி வாங்கினேன். மொத்தம் எட்டு நாள். எட்டும் நான் ரிஜெக்ட் என்று சிவப்பில் அடித்த நாள்கள். அவற்றின் பக்கத்தில் நான் எழுதியிருந்த மில்லிமீட்டரை விட்டுவிட்டு இடது எண்ணை மட்டும் பார்த்தேன். பத்தொன்பது, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. எட்டில் ஏழு நாள் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. ராத்திரி தகரம் ஆறியிருக்கிறது, ஷெட் ஆறியிருக்கிறது, அவர் உடம்பும் ஆறியிருக்கிறது. அந்த ஆறலை வைத்துக்கொண்டு காலை நான்கு மணி நேரம் தாக்குப் பிடித்திருக்கிறார்.

"இந்த எட்டாவது நாள்?" என்றேன். இடது எண் இருபத்தாறு. "சைக்கிள் ஸ்டாண்டு."

"அன்னிக்கு ஒண்ணுமில்ல."

நான் பேனாவை மூடவில்லை.

"கொஞ்சம் தலை சுத்துச்சு. உக்காந்தேன். சரியாப் போச்சு."

"நான் பாஸ் போட்ட நாள்ல?"

"அதுலயும் ரெண்டு நாள். மேகம் போட்ட அன்னிக்கெல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கும். சொன்னா அந்த மூணு நாளையும் புடுங்கிடுவே."

அந்த இரண்டு நாளுக்கும் பக்கத்தில் நான் டிக் போட்டிருந்தேன். அழிக்கவில்லை. எங்கள் வேலையில் பதிவை அழிக்கக் கூடாது; ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன்.

மூன்றாம் நாள் 1.6. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. அது ஒன்றேகாலுக்கு வரவில்லையென்றால் சிறுநீரக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இப்போது பீரோவில் இருக்கிறது. தினமும் ஒரு முறையாவது திறந்து பார்க்கிறேன். அதில் இருக்கும் வரிகள் மாறப்போவதில்லை என்று தெரிந்தும்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலை. அவர் எனக்கு முன்பே எழுந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். என் கைபேசி அவர் கையில் இருந்தது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசைகளைக் கீழே வரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தேழு" என்றார். "எல்லாம் இந்தப் பக்கமே ஒட்டிக்கிட்டு இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் தேறல."

பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் கிளம்பியதும் அவரும் கிளம்புவாரா என்று கேட்கலாம். கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று எட்டு நாளும்தான் சொன்னார்.

அவர் தன் போனை எடுத்து மிஸ்திரியை அழைத்தார். மணி அடிக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேருக்கும் நடுவே மேஜை மேல் வைத்தார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"ஓவன் பந்த் டேவ்" என்றார். ஓவனைப் போடாதே. "சனிவார்பர்யந்த். மீ யேணார் நாஹி." சனி வரைக்கும். நான் வரமாட்டேன்.

"ஹோ சாஹேப்" என்றார் மிஸ்திரி. கொஞ்சம் நிறுத்தி, "நக்கீ?" என்று கேட்டார். நிச்சயமா?

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "நக்கீ" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பஸ் திரும்பும் முனையில் எங்கள் பால்கனி தெரியும். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார், பனியனோடு, வெளியே போகிற சட்டை போடாமல். அது தெரியட்டும் என்றே நின்றது போல இருந்தது. பதினொரு மணிக்குப் போன் செய்வதா வேண்டாமா என்று பிம்ப்ரி வரை யோசித்துக்கொண்டே போனேன்.